முதல் வாரத்து வலி

போன மாதம் சித்தி ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அவள் மகளுக்குப் பத்தொன்பது வயது, மயிலாடுதுறையில் கல்லூரியில் படிக்கிறாள். ஆறேழு மாதமாக அடிவயிற்றில் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டுக்குக் கீழே சித்தியின் குரல்பதிவு: "ஒண்ணும் பயமில்லையாம்டி. நீர்க்கட்டிதானாம். அதான் வலிக்குதாம்." அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்குப் பழக்கமான நிம்மதி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மாவும் கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில் நின்று, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை அப்பாவிடம் போனில் சொன்னாள். என்ன பதில் எழுதுவதென்று தெரியாமல் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. அந்த 'அதான்' உறுத்திக்கொண்டே இருந்தது. நீர்க்கட்டி இருக்கிறது, சரி. வலி இருக்கிறது, அதுவும் சரி. நடுவில் அந்த 'அதானை' யார் போட்டது?

கட்டி என்றால் வலிக்கத்தானே செய்யும்

எனக்கு அப்போது இருபத்து மூன்று. வங்கி வேலையில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மாதவிலக்கு நாற்பது நாள், ஐம்பது நாள் என்று தள்ளிப்போவது கல்லூரிக் காலத்திலிருந்தே உண்டு. மோவாயில் முடி, அதற்கு மாதாமாதம் த்ரெட்டிங். வலி மட்டும் புதிது. அடிவயிற்றில் வலப்பக்கமாக, ஆழத்தில், யாரோ ஒரு கயிற்றை உள்ளிருந்து இழுத்துக் கட்டியதுபோல. பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கினால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

ஸ்கேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம் என்ற பலகைக்குக் கீழே, கர்ப்பிணிகளுக்கு நடுவில், கால்மேல் கால் போட்டு இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனதும் முதல் கேள்வி, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" இல்லை என்றதும் வயிற்றில் ஜெல்லைத் தடவி மேலாகவே பார்த்து முடித்தார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு உள்வழி ஸ்கேன் செய்வதில்லை என்பது நம்மூரில் எழுதாத விதி. அப்படி ஒரு வழி இருக்கிறது, அதில் சினைப்பை இன்னும் தெளிவாகத் தெரியும் என்பதே எனக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வேண்டுமா வேண்டாமா என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ரிப்போர்ட்டில் வலது சினைப்பை 12 சிசி, இடது 11.4 சிசி. ஓரத்தில் முத்துக் கோத்ததுபோலச் சின்னச் சின்னப் பைகள். நம்மூர்ப் பேச்சில் நீர்க்கட்டி, ஆங்கிலத்தில் பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம், சுருக்கமாக பிசிஓஎஸ். தள்ளிப்போன மாதவிலக்கு, மோவாய் முடி, ஏறிக்கொண்டே போன எடை எல்லாம் அந்த ஒரு பெயரில் அடங்கிவிட்டன. அந்தக் கணிப்பில் தப்பே இல்லை. எனக்கு பிசிஓஎஸ் இருந்தது, இன்றும் இருக்கிறது. தப்பு நடந்தது அடுத்த அடியில். என் வலியையும் தூக்கி அதே பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். மற்றவர்களை மட்டும் சொல்வானேன், முடிச்சை இறுக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

நம் மொழிக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் மனத்தாங்கல். கட்டி என்றால் நமக்கு வேனல்கட்டி தெரியும், அக்குளில் வரும் கட்டி தெரியும். பழுக்கும், விண்விண்ணென்று தெறிக்கும், உடைந்தால் ஆறும். வயிற்றுக்குள் ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு கட்டி என்றால் வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அவை கட்டியே இல்லை. ஒவ்வொரு மாதமும் கருமுட்டையைச் சுமந்து வளரும் நுண்பைகள்தான். ஒன்று முழுதாக வளர்ந்து முட்டையை வெளியே விட வேண்டும், மற்றவை சுருங்கிவிட வேண்டும். பிசிஓஎஸ்ஸில் எல்லாம் பாதி வளர்ந்து அப்படியே நின்றுவிடுகின்றன. அளவு 2 முதல் 9 மில்லிமீட்டர், அதாவது கடுகிலிருந்து கொண்டைக்கடலை வரை. அவை பழுப்பதும் இல்லை, தெறிப்பதும் இல்லை. வேறு வகைப் பெரிய கட்டி ஒன்று முறுக்கிக்கொண்டாலோ வெடித்தாலோ உயிர் போகிற மாதிரி வலிக்கும். அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய சமாச்சாரம், இந்தக் கதையே வேறு.

ஆங்கிலப் பெயரும் யோக்கியம் இல்லை, பாலிசிஸ்டிக் என்றால் 'பல கட்டி' என்றுதான் அர்த்தம். 2012 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இந்தப் பெயரே குழப்புகிறது, மாற்றுங்கள் என்று பரிந்துரை செய்தது. 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்தான் இன்றைக்கும் அடிப்படை. முட்டை வெளிவருவதில் கோளாறு, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் பல நுண்பைகள் என்று மூன்று; அதில் இரண்டு இருந்தால், வேறு காரணங்களை விலக்கிய பிறகு, பிசிஓஎஸ். நான்காவதாக வலி என்று அதில் எங்குமே இல்லை. எட்டு வருடம் நான் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் இதைப் படித்தவர்கள்தான். பெயர் ஒன்று கையில் கிடைத்த பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கழற்சிக்காயும் கல்யாணமும்

மாத்திரை கொடுத்தார்கள். மெட்ஃபார்மினும், மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரையும். ஆறு மாதத்தில் வலி பாதியாகக் குறைந்தது. "பார்த்தியா, நீர்க்கட்டி கரையுது" என்றாள் அம்மா. எனக்கும் சந்தேகமே வரவில்லை. அந்த ஹார்மோன் மாத்திரை வேறு சில வலிகளையும் அடக்கக்கூடியது, பிசிஓஎஸ்ஸுக்காகக் கொடுத்தது பக்கத்து வீட்டுத் தீயையும் கொஞ்சம் அணைத்தது என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. மாத்திரை சரியாகத்தான் வேலை செய்தது. அதை வைத்து நாங்கள் போட்ட கணக்குதான் தப்பு.

மாத்திரையை நிறுத்தியதும் வலி திரும்பியது. அப்புறம் வீட்டு வைத்தியம். கழற்சிக்காய்ப் பருப்பை இடித்து மிளகோடு சேர்த்து வெறும் வயிற்றில் விழுங்கினேன். அந்தக் கசப்பு மத்தியானச் சாப்பாடு வரை நாக்கில் நிற்கும். உடம்புச் சூடு என்று தொப்புளில் விளக்கெண்ணெய். வெந்தயம், உளுந்தங்களி. களி மட்டும் எனக்குப் பிடிக்கும், அதனால் அதை யாரும் மருந்தாகக் கணக்கில் சேர்க்கவில்லை.

நடுவில் மற்ற உறுப்புகளும் வரிசையாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி இறங்கின. சிறுநீர்த் தொற்று என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். மூன்று முறையும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி வளரவில்லை. கேஸ் என்று ஒருவர் சொன்னார். குடல்வால் என்று இன்னொருவர் சொல்லி, ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் வரை போய், ரத்தப் பரிசோதனையும் சிடி ஸ்கேனும் சுத்தமாக இருந்ததால் தப்பித்தேன். இவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. கருப்பை, சிறுநீர்ப்பை, பெருங்குடலின் கடைசிப் பகுதி எல்லாவற்றிலிருந்தும் வரும் நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. ஒரே காலிங்பெல் நாலு வீட்டுக்கு இருப்பதுபோல. மணி அடிக்கும், யார் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று மூளைக்குத் தெரியாது.

இருபத்தெட்டில் கல்யாணம். அதுவரை வலிக்கு எல்லோரும் சொன்ன பதில் "கல்யாணம் ஆனா சரியாயிடும்". ஆன பிறகு "ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்". என் வலிக்கு எப்போதும் அடுத்த விசேஷத்தில்தான் தேதி கொடுத்தார்கள். உள்வழி ஸ்கேனும் அப்போதுதான் முதல்முறை செய்தார்கள், ஆனால் அது முட்டை எந்த நாள் வளர்கிறது என்று எண்ணுவதற்காக. நான் வலி என்று ஆரம்பித்தால் டாக்டர் "எத்தனை மாசமா ட்ரை பண்றீங்க?" என்று முடிப்பார். தாம்பத்தியத்தில் வலித்ததை இரண்டு வருடம் ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. எனக்குத் தலைவலி என்று அவர் நினைத்துக்கொண்டார், நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் அவரே, "என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடு" என்றார். அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுந்து போய் வெந்நீர்ப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். வாய்திறந்து ஒன்றும் சொல்லத் தெரியாத மனிதர்.

அத்தைதான் ஆச்சரியப்படுத்தினாள். மாமியார் என்றால் குழந்தையைப் பற்றித்தான் பேசுவாள் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே, "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. வயசான பிறகுதான் நின்னுச்சு. இருபது வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்தேன், நீ கடிக்காத" என்றாள். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் இருப்பதாக யாரோ சொன்னதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தாள்.

ரப்பர் பேண்டு போட்ட தாள்கள்

தஞ்சாவூர் போவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே நான் வலியைக் குறித்து வைக்க ஆரம்பித்திருந்தேன். திட்டமெல்லாம் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரிடம் போனாலும் "எப்பல்லாம் வலிக்கும்?" என்று கேட்பார்கள், நான் "எப்பவுமேதான் டாக்டர்" என்பேன். அதைச் சொல்லும்போதே எனக்கே நம்பிக்கை இருக்காது. வங்கியில் கொடுத்த தினசரி காலண்டர் சமையலறையில் தொங்கியது. காலையில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் காலியாக இருக்கும். முந்தைய நாளின் வலிக்குப் பத்துக்கு இத்தனை என்று ஒரு எண் போடுவேன். மாதவிலக்கு நாளில் 'வி' என்று ஓர் எழுத்து. முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம். பின்பக்கம் என் எண். பணக்கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டையே போட்டு ஒரு டப்பாவில் வைத்தேன்.

பாபநாசம், அய்யம்பேட்டை வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் வேகத்தடைக்குக் குறைவே இல்லை. போய்ச் சேர்ந்தபோது நிற்க முடியவில்லை. டாக்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் ஃபைலை, எட்டு வருட கனம், வாங்கி மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, "இத அப்புறம் பாக்குறேன். நீங்க சொல்லுங்க" என்றார். நீர்க்கட்டி என்று ஆரம்பித்தேன். "அது இருக்கட்டும்மா. நீர்க்கட்டி வலிக்காது. வலியச் சொல்லுங்க" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. எட்டு வருடம் வலித்ததை ஒரு வார்த்தையில் இல்லை என்கிறாரே என்று. அவர் நீர்க்கட்டியைத்தான் இல்லையென்றார், வலியை இல்லையென்று சொல்லவில்லை என்பது உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.

பையிலிருந்து காலண்டர் கட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரம்மி ஆடுகிறவர் சீட்டைப் பிரிப்பதுபோல தாள்களை மேஜையில் பிரிக்க ஆரம்பித்தார். ஏழும் அதற்கு மேலும் இருந்த தாள்கள் ஒரு பக்கம். மற்றதெல்லாம் ஒரு பக்கம். வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். 'வி' எழுதிய தாள்கள் மூன்று இடத்தில் இருந்தன: பிப்ரவரி 19, ஏப்ரல் 8, ஜூன் 2. அவற்றுக்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க எட்டு, ஒன்பது. "இது ஒண்ணு" என்று அவற்றை ஒரு வரிசையாக வைத்தார். மிச்சமிருந்த பெரிய எண்களைத் தேதிப்படி அடுக்கினார். அப்புறம் தலை நிமிர்ந்து கேட்டார்: "மார்ச் மாசம் உங்களுக்குத் தூரமே வரல. மொதல் வாரத்துல எட்டு, ஏழு, எட்டு, ஒன்பதுன்னு போட்டிருக்கீங்க. ஞாயித்துக்கிழம மட்டும் ரெண்டு. மே மாசமும் அதே. மொதல் வாரத்துல அப்படி என்ன பண்றீங்க?"

நான் கேஷ் கவுன்ட்டரில் இருக்கிறேன். மாதத்தின் முதல் வாரம் சம்பளமும் பென்ஷனும் வாங்க வருகிற கூட்டம் வாசல் வரை நிற்கும். கேஷ் கேபினை விட்டு எழுந்தால் டிராயரைப் பூட்ட வேண்டும், கேபினைப் பூட்ட வேண்டும், காலையிலிருந்து நிற்கும் பெரியவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் எழுவதில்லை. எழ வேண்டாம் என்று தண்ணீரும் குடிப்பதில்லை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால், அடக்கிக்கொண்டு, இரண்டு இரண்டரை வரை. வேலையில் சேர்ந்த ஏழாம் மாதத்தில் வலிக்கு ஸ்கேன் எடுத்தேன் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை எழுதும்போதுகூட எனக்குக் கை கூசுகிறது. எட்டு வருடம் அந்தத் தேதி என் ஃபைலின் முதல் பக்கத்திலேயே இருந்தது.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் வேடிக்கையாக இருக்கிறது. மாதவிலக்கு மாதம் ஒருமுறை ஒழுங்காக வருகிற பெண்ணாக நான் இருந்திருந்தால், அதுவும் மாதாமாதம் முதல் வாரத்தையொட்டியே விழுந்திருக்கலாம். அப்படி விழுந்திருந்தால் இரண்டு வலியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே வலியாகத்தான் தெரிந்திருக்கும். ஐம்பது நாள், ஐம்பத்தைந்து நாள் என்று தள்ளிப்போனதால்தான் இரண்டும் தனித்தனியாக விலகி நின்றன. எல்லாப் பழியையும் சுமந்த பிசிஓஎஸ்தான் கடைசியில் சாட்சி சொல்லி வழக்கைப் பிரித்துக் கொடுத்தது.

பரிசோதனை மேஜையில் படுக்கச் சொன்னார். எங்கே வலி என்று ஒரு விரலால் காட்டச் சொன்னார். நான் உள்ளங்கையை விரித்து வைத்தேன். "ஒரு விரலால" என்றார் மறுபடி. அந்த இடத்தில் அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். வயிற்றின் மேல்தசையில் வலி என்றால் அப்போது கூடுமாம். எனக்குக் கூடவில்லை. உள்ளே பரிசோதிக்கலாமா என்று அனுமதி கேட்டார், கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும் வரை காத்திருந்தார். "வலிச்சா சொல்லுங்க, ஒடனே கைய எடுத்துடுறேன்." ஒரே விரல். இடப்பக்கம் அழுத்தினார், ஒன்றுமில்லை. வலது முழங்காலை வெளிப்பக்கமாகத் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொல்லிவிட்டு, உள்ளே பக்கவாட்டில் ஓர் இடத்தை மெதுவாக அழுத்தினார்.

நான் கத்திவிட்டேன். கத்திய வார்த்தை "இதேதான்! இதேதான் டாக்டர்!" அவர் கையை எடுத்த பிறகும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். காதோரம் கண்ணீர் வழிந்து தலைக்குள் போனது, வாயோ சிரித்தது. நர்ஸ் பயந்துவிட்டாள். எட்டு வருடமாக நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் ஆளை இன்னொருவரும் பார்த்து, ஆமாம், இங்கேதான் நிற்கிறான் என்று சொன்னதுபோல இருந்தது. அந்த நிமிஷத்தின் வலிக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல ஒன்பது வேறு கிடையாது.

"இது தசை" என்றார் கையைக் கழுவிக்கொண்டே. இடுப்பெலும்புக்குள் அடியில் தொட்டில் கட்டியதுபோலத் தசைகள் இருக்கின்றன. சிறுநீரை அடக்குவது அவற்றை இறுக்கித்தான். வருடக்கணக்கில் மணிக்கணக்காக இறுக்கினால், தளர்வதே மறந்துபோகும். கையில் நாள் முழுக்க முஷ்டி பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான். "ஆனா இது ஒண்ணு மட்டும் இல்ல. தூரத்துக்கு முன்னாடி வர்ற வலி வேற. உள்ள ஏதோ உறுத்துறதாலயும் தச இறுகும். அதையும் பாத்துடுவோம்."

தோளில் வலித்த நாள்

அந்த 'ஏதோ'வுக்கு அவர் மனதில் ஒரு பெயர் இருந்தது: எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவர்ப் படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வளர்வது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இருக்கிறது. பிசிஓஎஸ் இருந்தால் இது இருக்காது என்று ஓர் எண்ணம் பரவலாக உண்டு; மாதவிலக்கே அரிதாக வருகிறதே, வெளியே எப்படி வளரும் என்ற தர்க்கம். இரண்டும் ஒரே வயிற்றில் குடியிருக்க ஒரு தடையும் இல்லை. இந்த நோய் சினைப்பையில் வந்தால் பழைய ரத்தம் தேங்கி உண்மையிலேயே ஒரு கட்டி உருவாகும். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் சாக்லேட் கட்டி. வலிக்காத ஒன்றுக்குக் கட்டி என்று பெயர், வலிக்கிற ஒன்றுக்கு மிட்டாய்ப் பெயர். பெயர் வைத்தவர்களிடம் எனக்கு நிறையக் கேள்விகள் இருக்கின்றன.

எனக்குச் சாக்லேட் கட்டி இல்லை. அதனால்தான் எல்லா ஸ்கேனும் சுத்தம் என்று சொன்னது. மேலோட்டமாகப் படிந்த சின்னத் திட்டுகள் ஸ்கேனில் தெரிவதில்லை. முன்பெல்லாம் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சின்ன ஓட்டை போட்டுக் கேமரா விட்டுப் பார்க்கும் ஆபரேஷன், செய்தால்தான் உறுதி என்பார்கள். 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல், எல்லோருக்கும் எடுத்தவுடன் ஆபரேஷன் வேண்டாம், ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் மருந்துக்கும் கேட்காதவர்களுக்குச் செய்யலாம் என்கிறது. நான் அந்த இரண்டாவது ரகம். முதலில் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை மூன்று மாதம், ஓரளவுதான் கேட்டது. பிறகு லேப்ராஸ்கோப்பி. மூன்று சின்ன ஓட்டைகள். கருப்பைக்குப் பின்னால், அதைத் தாங்கும் தசைநாரில், இரண்டு திட்டுகள் இருந்தன. வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றில் எண்டோமெட்ரியோசிஸ் உறுதி. இன்னொன்று வெறும் தழும்புத் திசு. நம் நாட்டில் கருப்பைக் காசநோயும் இப்படி ஒளிந்திருப்பதுண்டு என்று அதற்கும் ஒரு சாம்பிள் போனது, அது இல்லை.

மயக்கம் தெளிந்தபோது வலித்தது வயிற்றில் இல்லை, வலது தோளில். யாரோ தோளில் அறைந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். வயிற்றை உப்ப வைக்க அடைத்த கார்பன் டை ஆக்சைடு கொஞ்சம் மிச்சம் நின்று உதரவிதானத்தை உறுத்துமாம். அந்த நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால் தோள்தான் வலிக்குமாம். கணவரோ பதறிப்போய் நர்ஸிடம், "வயித்துல ஆபரேஷன்னு சொன்னீங்க, தோள எதுக்குங்க தொட்டீங்க?" என்று கேட்டுவிட்டார். சிரித்ததில் தையல் இழுத்தது.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக முடியும். ஐந்து மாதம் நன்றாக இருந்தேன். அப்புறம் மாதவிலக்குக்கு முந்தைய வலி பாதி திரும்பியது. திட்டின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தமே இல்லாத நோய் இது. உள்ளே நிறைய இருந்தும் வலியே தெரியாதவர்கள் உண்டு, ஒரு புள்ளி இருந்து துடிப்பவர்கள் உண்டு. நீண்ட காலம் வலித்தால் நரம்புகளே அந்த வலியைப் பழக்கமாக்கிக்கொள்கின்றன, காரணத்தை எடுத்த பிறகும் மணி அடித்துக்கொண்டிருக்கும் என்றார் டாக்டர். "அப்ப மிச்சம் எதனால டாக்டர்?" என்று கேட்டேன். "தெரியல" என்றார். எட்டு வருடத்தில் ஒரு டாக்டர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்முறை.

முதல் வாரத்து வலிதான் அதிகம் குறைந்தது. திருச்சியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் பத்து முறை போனேன். நான் அதுவரை யூடியூப் பார்த்து கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார். கீகல் என்பது அந்தத் தசைகளை இறுக்கும் பயிற்சி. தளர்ந்த தசைக்கு அது மருந்து, ஏற்கெனவே முஷ்டி பிடித்திருக்கும் தசைக்கு அது இன்னொரு சுற்று முறுக்கு. எனக்குக் கற்றுக்கொடுத்தது இறக்கிவிடுவதற்கு. மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, வயிறு எழும்ப மூச்சை இழுத்து, அடியில் எல்லாம் கீழே இறங்குவதாக உணர வேண்டும். முதல் நாள் இருபது நிமிஷம் முயன்றும் எதையுமே உணரவில்லை. எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, ஏதோ ஒன்று விடுபட்டது. அவ்வளவு நாள் இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது விட்ட பிறகுதான் தெரிந்தது.

கவுன்ட்டரிலும் ஒரு மாற்றம். மேனேஜரிடம் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிஷம் கேபினைப் பூட்டிவிட்டு எழலாம் என்று ஏற்பாடு. முதல் மாதம் வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சத்தம் போட்டார். எனக்குப் பின்னால் இருந்த ப்யூன் அண்ணன், "அவங்களும் மனுசங்கதான் பெருசு, செத்த உக்காருங்க" என்றார். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வரும் கூட்டத்தில் மட்டும் இப்போதும் இரண்டு முறை எழ வேண்டியதற்கு ஒருமுறைதான் எழுகிறேன். அந்த வாரம் எண் ஐந்துக்கு ஏறிவிடும்.

சித்தியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவளுடைய நிம்மதியில் கை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணுக்கே நேராக எழுதினேன், எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டச் சொன்னால் எங்கே காட்டுவாய் என்று. ராத்திரி பதினொன்றரைக்குப் பதில் வந்தது. "இடப்பக்கம் அக்கா. தொடைக்குக் கொஞ்சம் மேல. காலேஜ் பஸ்ல நின்னுட்டே வந்தா ஜாஸ்தி. காலேஜ்ல பாத்ரூம் சரியில்ல, நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் போறதில்ல, அதனாலயா இருக்குமா?"

'அதான்' என்று தட்டச்சு செய்துவிட்டேன். கொஞ்ச நேரம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தேன். அவளுக்கு என்ன இருக்கிறதென்று எனக்கு என்ன தெரியும்? வீட்டில் தினசரி காலண்டர் இருக்கிறதா என்று கேட்டேன். காலண்டரெல்லாம் பாட்டி ரூமில்தான் இருக்கிறது, கிழித்தால் திட்டுவாள், போனிலேயே எழுதிக்கொள்கிறேன் என்றாள். நேற்றோடு பதினேழு நாள் ஆகிறது. சித்தி இன்னும் கழற்சிக்காய் இடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் குறிப்பில், வலி 4 என்று எழுதி, பக்கத்தில் 'கசப்பு 10' என்று எழுதியிருந்தாள்.